அவர் தோற்ற ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக்காரர் தோற்ற அன்று என்னைப் போல் சந்தோஷப்பட்டவள் பம்பாயில் வேறு ஒருத்தியும் இருந்திருக்க மாட்டாள். மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட மைதானம். மேடையில் மூன்று பேரை நிறுத்தி மாலை போட்டார்கள். அந்த மூன்று பேரில் அவர் இல்லை. பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நான் அழுதேன். கூட வந்திருந்த பக்கத்து வீட்டு மராத்திக்கார அக்கா, நான் துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். தடவட்டும் என்று விட்டுவிட்டேன். நிம்மதியில் அழுகிறேன் என்று சொல்லியிருந்தால் எனக்குப் பைத்தியம் என்றிருப்பாள்.

இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. என் பிள்ளைகள் இந்தியும் மராத்தியும் பொரிந்து தள்ளுவார்கள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். முதல் பக்கத்தைத் தாண்ட மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகித் தாராவிக்கு வந்தேன். இரண்டு பேருக்குமே ஊர் தூத்துக்குடிப் பக்கம். மாப்பிள்ளைக்கு உடம்பு எப்படி என்று என் அப்பா விசாரித்தபோது, "அதுல ஒரு குறையும் கெடையாது" என்று சொன்னார்களாம். குறை கிடையாதுதான். பம்பாய் ரயிலில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்ததும் இடம் தீர்ந்துவிட்டது. எதிரில் இருந்தவர்கள் என் முகத்தையும் அவர் புஜத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

செம்பூர்ப் பக்கம் ஓர் ஆலையில் மூட்டை ஏற்றும் வேலைக்குத்தான் அவர் முதலில் சேர்ந்திருந்தார். சாயங்காலத்தில் தாராவியில் ஒரு தாலீமுக்குப் போவார். உடற்பயிற்சிக் கூடத்துக்கு அங்கே அதுதான் பெயர். தகரக் கூரை, மண் தரை, பட்டறைகளில் கழித்துப் போட்ட இரும்பு, டால்டா டின்னில் சிமெண்டு ஊற்றிச் செய்த குண்டுகள், சுவரில் ஆள் உயரக் கண்ணாடி. கல்யாணத்துக்கு முந்திய வருடம் ஒரு கணபதி விழாவில் மேடையேறி உடம்பைக் காட்டியிருக்கிறார். ஆலை மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவரை ஆலையின் விளையாட்டுக்காரர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மதியம் வரை ஆலையில் பெயருக்கு ஒரு வேலை. அதற்குப் பிறகு தாலீம்தான் வேலை. ஆலை பெயர் போட்ட பனியனோடு போட்டிக்குப் போக வேண்டும். நகரப் போட்டியில் முதல் மூன்று பேரில் ஒருவராக வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் பழையபடி லோடிங். அதாவது உடம்பைக் காட்டித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

அந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே! தாராவியிலேயே பெரிய புஜம் எங்கள் கோலியில், அந்த ஒற்றை அறை வீட்டில், இருந்தது. தெருக்குழாயிலிருந்து தண்ணீர்க் குடம் தூக்கியவள் நான். மாஸ்டரின் உத்தரவு அப்படி. தாலீமை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்பைத் தவிர வேறு எதையும் தூக்கிச் சக்தியை வீணாக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருந்த நான் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாக வரும்போது, என் வீட்டுக்காரர் கட்டிலில் மல்லாந்து கிடப்பார். குழாயடியில் பெண்கள் என்னைக் கேலி செய்து தீர்த்தார்கள். "உன் பயில்வானைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டு" என்பாள் பக்கத்து வீட்டு அக்கா.

சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. எழுந்திருக்க அவரால் முடியாது, அதுதான் விஷயம். தோளுக்குப் பயிற்சி செய்த மறுநாள் கை தலைக்கு மேல் போகாது. நான்தான் தலை சீவிவிட வேண்டும். சட்டைப் பித்தானை நான்தான் போட வேண்டும். தொடைக்குப் பயிற்சி செய்த மறுநாள் பொதுக் கக்கூஸில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு தவித்துவிட்டு, வியர்த்து விறுவிறுத்து வருவார். உள்ளங்கையில் காய் காய்த்துக் காய்த்து, பிளேடால் சீவ வேண்டியிருந்தது. முழங்கைக்குள் ஏதோ கறகறவென்று அரைக்கும் சத்தம் எனக்கே கேட்கும். வலிக்கிறதா என்று கேட்டால், "வலிச்சாத்தான் வளருது" என்பார். மாஸ்டர் சொல்லிக் கொடுத்த வசனம். மாஸ்டரின் விதிகளில் இன்னொன்றும் உண்டு, கல்யாணமானவர்களுக்கு. அதை நான் இங்கே விரித்து எழுத மாட்டேன். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறதே, விசேஷம் ஒன்றும் இல்லையா என்று ஊரிலிருந்து கடிதம் மேல் கடிதம் வரும். காரணத்தை நான் எந்தக் கார்டில் எழுதுவேன்?

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன். உப்பை நிறுத்தியபோதுதான் எனக்குக் கை கால் ஓடவில்லை.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. உடம்பில் உப்பு இருந்தால் தோலுக்கு அடியில் தண்ணீர் தங்குமாம். தண்ணீர் தங்கினால் தசை தனித்தனியாகத் தெரியாதாம். அதனால் மூன்று வாரம் உப்பு கிடையாது. கடைசி மூன்று நாள் தண்ணீரும் கிடையாது; நனைத்த துணியால் உதட்டை ஒற்றிக்கொள்ளலாம். "நமக் பந்த், பானி பந்த்" என்று மாஸ்டர் சட்டம் போட்டுவிட்டார். அவித்த முட்டை வெள்ளை, அவித்த பாசிப்பயறு, அவித்த கோழி. எல்லாம் அவித்ததுதான், எதிலும் ஒரு கல் உப்பு கிடையாது. சமைக்கிறவளுக்கு இதைவிட அவமானம் உண்டா? பரிமாறிவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் மருந்து விழுங்குகிற மாதிரி விழுங்குவார். சாப்பாட்டைக் குறைத்து, பயிற்சியை மட்டும் இரட்டிப்பாக்கியிருந்தார்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. கன்னம் ஒட்டிப்போய், கண்ணைச் சுற்றிக் கருத்து, பேச்சே குறைந்துவிட்டது. கீழே விழுந்த சீப்பை எடுக்கக் குனிந்தால் தலை சுற்றும் என்று என்னைக் கூப்பிடுவார்.

ஒன்பதாம் நாள் காலையில், வீட்டுக்குள் தண்ணீர் புழங்கும் மூலையில், மோரியில், அவர் சிறுநீர் கழித்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்து வந்துவிட்டார். நான் ஊற்றப் போனேன். பால் விடாத டீத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. என் கையிலிருந்த செம்பு நழுவியது.

"என்னங்க இது?" என்றேன்.

"சூடு" என்றார்.

"எந்தச் சூட்டுக்கு இந்த நெறத்துல போகும்?"

"ஏட்டி, காலங்காத்தால ஆரம்பிக்காத. நேத்து தொடைக்குக் கொஞ்சம் கூடப் போட்டோம். ரெண்டு நாள்ல சரியாயிரும்."

ரெண்டு நாள் பார்த்தேன், சரியாகவில்லை. மூன்றாம் நாள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் பாட்டிலை வெந்நீரில் மூன்று தடவை கழுவி, அவருக்குத் தெரியாமல் கொஞ்சம் பிடித்து மூடினேன். துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயில்வே பாலத்தைத் தாண்டி மாட்டுங்காவுக்கு நடந்தேன். அங்கே தமிழ் பேசும் டாக்டர் ஒருவர் இருந்தார். வயதானவர், யுத்தக் காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் என்பார்கள். பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"உங்க ஆத்துக்காரர் மேல என்னம்மா விழுந்தது? சுவரா? லாரி ஏறித்தா?"

"ஒண்ணும் விழல டாக்டர்."

"நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. யுத்தத்துல கட்டடம் இடிஞ்சு அடியில மாட்டிண்டவாளுக்குத்தான் இப்படிப் போறதை நான் பார்த்திருக்கேன். தசை நசுங்கி, அந்தக் கழிவு ரத்தத்துல கலந்து இப்படி இறங்கும்."

"யாரும் அவிய மேல ஒண்ணும் போடல, டாக்டர். அவியளே எடுத்து மேல போட்டுக்கிடுதாவ" என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சத்தம் போட்டார். உப்பை நிறுத்தினதே தப்பு, தண்ணீரையும் நிறுத்தினால் கிட்னி அடைத்துக்கொள்ளும், அதற்கப்புறம் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். "தண்ணிதான் மருந்து. வண்டி வண்டியாக் குடிக்கணும். சாப்பாட்டுல உப்பு இருக்கணும். நாளைக்கே அழைச்சுண்டு வாங்கோ. வரலேன்னா தண்ணியாவது குடிக்க வையுங்கோ." மருந்துச் சீட்டு எழுதவில்லை. தண்ணீருக்கு எதற்குச் சீட்டு?

அன்று மத்தியானம் அவரிடம் சொன்னேன். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். எனக்குத் தெரியாமல் எப்படிப் பிடித்தாய் என்று முதலில் அவருக்குக் கோபம் வந்தது. பிறகு கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இன்னும் பத்து நாள்தான. போட்டி முடிஞ்ச அன்னைக்கே டாக்டர்கிட்ட வாரேன்."

"பத்து நாள் தாங்குமான்னு யாருக்குத் தெரியும்?"

"ரெண்டு வருசம் பட்டதெல்லாம் பத்து நாள்ல போயிரும்ட்டி. நிரந்தரம் ஆயிட்டா எல்லாத்தையும் விட்டுருதேன். உன் மேல ஆணை."

"நீங்க இருந்தாத்தான நிரந்தரம்? நீங்க போயிட்டா அந்தக் காயிதத்தை வச்சு நான் என்ன செய்ய?"

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். பித்தான் போட முடியாமல் என் முன்னால் வந்து நின்றார். போட்டுவிட்டேன். அந்த ஐந்து பித்தானையும் போடுவதற்குள் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. சட்டையைக் கிழித்து எறியலாமா என்றிருந்தது.

மறுநாள் மாஸ்டரே வீட்டுக்கு வந்தார், சாப்பாட்டைச் சோதனை போட. அவர் ஒரு காலத்தில் பெயர் பெற்ற பயில்வான். இப்போது முழங்கால் இரண்டும் மடங்காது. பாய் விரித்தேன், உட்கார முடியாமல் தகரப் பெட்டியின் மேல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் சிரித்தார். டாக்டர்கள் பயமுறுத்தத்தான் செய்வார்கள், தனக்கும் அந்தக் காலத்தில் அப்படிப் போனது, தானாக நின்றுவிட்டது என்றார். சொல்லிக்கொண்டே முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி ஒரு பக்கமாக வைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. தன் சீடன் ஜெயிக்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்பட்டவர். அதனால்தான் எனக்கு அவரைக் கண்டு இன்னும் பயமாக இருந்தது.

கிளம்பும்போது அவருக்கு என் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். கோழி அலுத்துவிட்டால் மீன் கொடு என்றார். காய்ந்த மீனும் கொடுக்கலாம் என்றார்.

நான் நிமிர்ந்தேன். "சூகா மச்சி?" என்று கேட்டேன்.

"ஹாங், ஹாங். சூகா மச்சி."

இது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பம்பாய்க் கடற்கரையில் பொம்பில் என்று ஒரு மீன் உண்டு. கோலி இனத்து மீனவர்கள் கயிறு கட்டி அதை வரிசையாகத் தொங்கவிட்டு வெயிலிலேயே காயவைத்துவிடுவார்கள். உப்புப் போட மாட்டார்கள். மாஸ்டர் பிறந்தது முதல் தின்ற காய்ந்த மீன் அதுதான். காய்ந்த மீன் என்றால் அவர் கணக்கில் உப்பில்லாத மீன். எங்கள் பக்கத்தில் உப்பில்லாமல் ஒரு கருவாடு உண்டா? வயிற்றைக் கீறி, உப்பை அடைத்து, பானையில் போட்டு ஊறவைத்து, பிறகுதானே வெயிலுக்குப் போகும். தாராவியில் நம்மூர்க் கடையில் தூத்துக்குடி வாளைக் கருவாடு கோணிச் சாக்கில் வந்து இறங்கும். சாக்கின் வெளிப்பக்கமே உப்புப் பூத்திருக்கும்.

மாஸ்டர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

நான் செய்தது இதுதான். வாளைக் கருவாடு நீளவாட்டில் இருக்கும். துண்டு போட்டால் பொம்பில் மாதிரி தெரியும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதை வெறும் சட்டியில் முறுக வறுத்து, அம்மியில் வைத்துப் பொடித்து, அவித்த பயற்றில் பிரட்டினேன். ஜன்னலைத் திறந்து வைத்தும் வாடை ஊரைக் கூட்டியது. என் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்ததும் தட்டை வைத்தேன்.

"என்னது இது?"

"பொம்பில். மாஸ்டர்தான் குடுக்கச் சொன்னாவ."

"உப்பு?"

"பொம்பில்ல ஏது உப்பு? வெறும் வெயில்ல காஞ்சது."

ஒரு வாய் எடுத்துப் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். தட்டைத் தூக்கி எறியப் போகிறார் என்று நினைத்து நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு மறுபடியும் மெல்லும் சத்தம் கேட்டது. தட்டை வழித்துத் தின்றார். இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றார். பன்னிரண்டு நாளாக வைக்கோலைத் தின்றவருக்கு நாக்கு மரத்துப்போயிருக்கும், அதனால்தான் தெரியவில்லை என்று நான் சமாதானம் செய்துகொண்டேன். அவரை இப்படி ஏமாற்றுகிறோமே என்று வருத்தமாகவும் இருந்தது; ஏமாந்தாரே என்று உயிர் வந்த மாதிரியும் இருந்தது.

தாகம் எடுக்காமல் இருக்குமா? குடிக்க ஆரம்பித்தார். முதல் நாள் இரண்டு செம்பு. மறுநாள் நான்கு. தண்ணீர் நிறுத்த இன்னும் நாள் இருக்கிறதே, அதுவரை குடிக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். நான் தினமும் காலையில் மோரியைப் பார்ப்பேன். சாமி கும்பிட்டேனோ இல்லையோ, அதைப் பார்க்கத் தவறவில்லை. டீத்தண்ணீர் நிறம் தேன் நிறமானது. தேன் நிறம் வைக்கோல் நிறமானது. ஆறாம் நாள் சாதாரணமாக இருந்தது. அன்று குழாயடியில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. லாட்டரி விழுந்ததா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்.

ஆனால் கடைசி மூன்று நாள் வந்தது. பானி பந்த். தண்ணீரைக் குடி என்று சொன்னால் வீம்புக்காகவே குடிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கருவாட்டை மட்டும் நிறுத்தவில்லை. காலையிலும் மாலையிலும் குழாய்க்குக் கிளம்பும்போது, அவர் கட்டில் பக்கத்தில் ஒரு பெரிய செம்பில் தண்ணீரை நிரப்பி, தட்டால் மூடி வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது செம்பு பாதியாகியிருக்கும். தட்டு வைத்தது வைத்தபடி இருக்கும். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திருட்டுத்தனமாகக் குடிக்கிறார், பாவம், என்று நினைத்துக்கொண்டேன். மறுபடியும் நிரப்பி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போட்டி. கணவன் இத்துணூண்டு ஜட்டியோடு ஆயிரம் பேர் முன்னால் நிற்பதை எந்தப் பெண் பார்ப்பாள்? நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓரமாகத்தான் பார்த்தேன். தேங்காயெண்ணெய் பூசி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மற்றவர்களைப் பார்த்தேன். கசாப்புக் கடையில் உரித்துத் தொங்கவிட்டது போல நரம்பு தனியாக, தசை தனியாகத் தெரிந்தது. தோல் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. நடுவில் என் வீட்டுக்காரர் மட்டும் மனிதர் மாதிரி இருந்தார். பெரிய மனிதர், நல்ல மனிதர், சாப்பிட்டுவிட்டு வந்த மனிதர். ஜட்ஜுகள் அவர் முன்னால் நிற்கவே இல்லை, தாண்டிப் போய்விட்டார்கள்.

முடிவு சொன்ன பிறகு மேடைக்குப் பின்னால் போனோம். மாஸ்டர் அவருடைய இடுப்புத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பானி" என்றார். பிறகு முகத்தைப் பார்த்து, "நமக் காயா?" உப்பு சாப்பிட்டாயா என்று கேட்டார்.

"நஹி மாஸ்டர்."

"சச் போல்." உண்மையைச் சொல் என்றார்.

"நஹி காயா, மாஸ்டர்."

நான் கூடாரத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் தெரியாத மனிதர் சத்தியம் செய்கிறாரே, பாவி நான்தானே செய்தேன். வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்று ஓரடி வைத்தேன். அப்போதுதான் அந்தப் பக்கம் தடாலென்று சத்தம் கேட்டது.

முதல் பரிசு வாங்கியவர் விழுந்து கிடந்தார். மாலை கழுத்தில் அப்படியே இருந்தது. கெண்டைக்கால் தசை பந்து மாதிரி சுருண்டு ஏறி, இறங்காமல் நின்றது. தொடையும் அப்படியே இழுத்தது, பிறகு வயிறு. பல் கிட்டிப்போய்விட்டது. யாரோ தண்ணீரை வாயில் ஊற்றினார்கள். அது கடைவாய் வழியாக வழிந்தது. என் வீட்டுக்காரர்தான் ஓடிப்போய் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு பழைய கதவைக் கொண்டுவந்து அதன் மேல் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் பிழைத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். மறு வருடம் அவரை எந்த மேடையிலும் யாரும் பார்க்கவில்லை. கதவு போன பிறகும் என் வீட்டுக்காரர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் செம்பில் தண்ணீர் கொடுத்தேன். மாஸ்டரின் கண்ணெதிரில் மடக்மடக்கென்று முழுவதையும் குடித்தார்.

மறுநாள் சொன்ன சொல் தவறாமல் மாட்டுங்கா டாக்டரிடம் வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, "தண்ணி உங்களைக் காப்பாத்தித்து ஓய். ஆறு மாசத்துக்கு இரும்புக் கடைப் பக்கமே போகப்படாது" என்றார். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

ஆலைக்காரர்கள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். பழையபடி மூட்டை ஏற்றப் போனார். முதல் நாள் வேலை முடிந்து எப்படி வருவாரோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். வந்தார், சட்டையைக் கழற்றினார். அவரே பித்தானைக் கழற்றினார்.

"ஏட்டி, மூட்டை பஞ்சு மாதிரி இருக்குட்டி" என்றார். "தூக்கி வச்சிட்டு அடுத்த மூட்டை எங்கன்னு கேக்கேன். எல்லாவனும் என்னைப் பாத்துச் சிரிக்கான்."

கோழிக் குழம்பு வைத்தேன், உப்பும் புளியும் காரமுமாக. சாப்பிட்டு முடித்துவிட்டுத் தட்டிலேயே தண்ணீர் ஊற்றி அதையும் குடித்தார். மாஸ்டரின் விதிகள் எல்லாமே எங்கள் வீட்டை விட்டுப் போயின. ஊருக்கு எழுதும்படியான சேதி ஒன்று அந்த மழைக்காலத்தில் எனக்கு வந்தது. முதல் தடவையாக ஊர்க் கடிதத்துக்கு நான் சந்தோஷமாகப் பதில் எழுதினேன்.

இவ்வளவு நிம்மதியிலும் ஒரு முள் மட்டும் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. இரண்டு வருடம் உடம்பை உருக்கியவரை நான் ஏமாற்றித் தோற்கடித்திருக்கிறேன். மாஸ்டர் தெருவில் எதிர்ப்பட்டால் பேசாமல் போகிறார். உப்புத் தின்று பொய் சொன்னவன் என்று தாலீமில் பேசிக்கொள்கிறார்கள். அவரோ செய்யாத குற்றத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். இதை வயிற்றுப் பிள்ளையோடு எத்தனை நாள் சுமப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடிக்குப் போனேன். இப்போதெல்லாம் அவரும் வருவார். குடத்தைத் தூக்குவது அவர்தான். வரிசை நீளமாக இருந்தது. பக்கத்தில் தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இனி முடியாது என்று மடமடவென்று சொல்லிவிட்டேன். "அது பொம்பில் இல்ல. நம்மூர் வாளைக் கருவாடு. நான்தான் வேணும்னு போட்டேன். நீங்க தோத்ததுக்கு நான்தான் காரணம். அடிச்சாலும் சரி, திட்டினாலும் சரி." சொல்லிவிட்டு அழுதேன்.

அதற்குள் எங்கள் முறை வந்திருந்தது. அவர் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிற முகம்.

"ஏட்டி, நான் எந்த ஊர்க்காரன்?"

"தூத்துக்குடி."

"தூத்துக்குடிக்காரன் வாயில வாளைக் கருவாட்டை வச்சு பொம்பில்னு சொன்னா நம்பிருவானா? மொத வாயிலயே தெரிஞ்சு போச்சு."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. மெல்வதை நிறுத்தியது ஞாபகம் வந்தது. பாதியான செம்பு ஞாபகம் வந்தது. மாஸ்டர் முகத்துக்கு நேராக, இரண்டு தடவை, நஹி என்று சொன்னதும் ஞாபகம் வந்தது.

"பின்ன ஏன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல?" என்று கத்தியேவிட்டேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

குடம் நிறைந்து வழிந்தது. அவர் குனிந்து அதைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா நீ கருவாட்டை நிறுத்திருப்ப" என்றார். "நான் தண்ணியை நிறுத்திருப்பேன்."